கையெழுத்து போடாதீங்க, டாக்டர்!

"ஹச்ச்ச்ச்...!"

தும்மல்!

அரசு மருத்துவமனைப் பிணவறை. வெள்ளைத் துணி போர்த்திய மூன்று ஸ்ட்ரெச்சர்கள். அதில் மூன்றாவது தும்மியது!

"யா... யாரு?"

கேட்டவர் ஆபீஸ் கிளார்க். மருத்துவமனையில் அவருக்கு ரூல்ஸ் அண்ணன் என்று பெயர். முப்பத்தொரு வருட சர்வீஸ். இதுவரை எந்தப் பிணமும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

"ஸாரி அண்ணே... மருந்து நெடி தாங்கல..." என்றது பிணம்.

"அம்மாஆஆ...!"

தொப்!

ரூல்ஸ் அண்ணன் தரையில் கிடந்தார்.

பிணம் துணியை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு!

பயப்படாதீர்கள். ஐந்தே நிமிடம் பின்னால் போய்விட்டு வந்துவிடுவோம்.

* * *

"ஒளிஞ்சுட்டியா?"

போனில் கிசுகிசுத்தவர் கணவர். நில அளவைத் துறையில் சர்வேயர். கோர்ட் வராந்தாவில் வக்கீலோடு நின்றிருந்தார்.

"ம்... ஒளிஞ்சாச்சு."

"எங்க?"

"பிணவறையில. மெதுவா பேசுங்க. இங்க எல்லாரும் அமைதியா இருக்காங்க."

கிசுகிசுத்தது டாக்டரம்மா. அந்த மருத்துவமனையின் மயக்க மருந்து டாக்டர். ஒரே ஒரு மயக்க மருந்து டாக்டர்!

மூன்று நாட்களுக்கு முன் இடி விழுந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து டிரான்ஸ்பர் ஆர்டர்! எட்டு மணி நேர ரயில் தூரத்தில், கணவர் முன்பு வேலை பார்த்த ஊருக்கு. காரணம்...? 'நிர்வாக நலன்.' அவ்வளவுதான்!

பிளவுபட்ட உதட்டோடு பிறந்த ஒன்பது குழந்தைகளுக்கு வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். வெளியூர் சர்ஜன் ஒருவர் அந்த ஒரு நாள் மட்டும் வருகிறார். மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லையென்றால் ஒன்பது பேரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதில் ஒரு குட்டிப் பெண் டாக்டரம்மாவின் காதில் ரகசியமாகக் கேட்டிருந்தாள். "ஆபரேஷன் முடிஞ்சதும் எனக்கு விசில் அடிக்க வருமா?"

"வரும்டா கண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் டாக்டரம்மா. குழந்தைக்குக் கொடுத்த வாக்கு கடவுளுக்குக் கொடுத்த வாக்கு என்று நம்புகிறவர் அவர்.

அதனால்தான் கேஸ். இன்று பதினொன்றரைக்கு விசாரணை.

"வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றார் கணவர். "ஆர்டரைக் கையில வாங்கி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டா, அந்த நிமிஷமே நீ இந்த ஆஸ்பத்திரி டாக்டர் இல்ல. கேஸ் புஸ்ஸுன்னு போயிடும்! இன்னும் ஒரு மணி நேரம்தான். கண்ணுல படாதே!"

"யாருங்க இப்படிச் செஞ்சிருப்பா...?"

"வேற யாரு? அந்த ஆக்சிஜன் சிலிண்டர் காண்டிராக்டர்தான்! பாதி சிலிண்டர் காலின்னு நீ எழுதி வெச்சியே... அந்தக் கோபம்! எவனா இருந்தாலும் சரி, கண்டுபிடிச்சுக் கோர்ட்ல தலைகுனிய வெக்காம விடமாட்டேன்!"

"உஷ்ஷ்... காலடிச் சத்தம்!"

டாக்டரம்மா துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

க்ரீச்...

கதவு திறந்தது. ஒரு கையில் ஆர்டர், மறு கையில் தபால் புத்தகம். ரூல்ஸ் அண்ணன்!

மூன்று நாளாக விரட்டுகிறார். வார்டில் தேடினார். கேன்டீனில் தேடினார். லிப்டில் ஏறி இறங்கித் தேடினார். இன்று காலை சர்க்கரை மாத்திரையை விழுங்கியவர், சாப்பிட மறந்து ஓடி வந்துவிட்டார்.

முதல் ஸ்ட்ரெச்சர் முன் நின்று கைகூப்பினார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. டூட்டி. முகத்தை மட்டும் பாத்துக்கறேன்..."

துணியைத் தூக்கினார். டாக்டரம்மா இல்லை. ஓரங்களைப் பக்குவமாகச் செருகிவிட்டார்.

"நல்லா தூங்குங்க."

இரண்டாவது. அங்கேயும் கைகூப்பல், மன்னிப்பு.

மூன்றாவதை நெருங்கினார்...

"ஹச்ச்ச்ச்...!"

* * *

கதவு திறந்து கிடந்தது. வழியில் யாரும் இல்லை. ஓடினால் தப்பித்துவிடலாம்!

டாக்டரம்மா ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்தார். இரண்டடி ஓடினார்.

நின்றார்.

திரும்பிப் பார்த்தார்.

ரூல்ஸ் அண்ணனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. வெறும் பயமென்றால் இவ்வளவு வியர்க்காதே!

மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பறந்தது.

"சிஸ்டர்...! சிஸ்டர்...! குளுக்கோஸ் கொண்டு வாங்க! ஓடி வாங்க!"

கடவுள் சில நாட்களில் குளுக்கோஸ் பாட்டிலில் இறங்கி வருகிறார். அன்று பத்து ஐம்பதுக்கு வந்தார். அவசரப் பிரிவுக் கட்டிலில் ரூல்ஸ் அண்ணனைக் கிடத்தி, ஊசி ஏற்றி, சர்க்கரை நாற்பத்திரண்டு என்று பார்த்து, அட்மிஷன் ஷீட்டை எழுதி நேரமும் போட்டார் டாக்டரம்மா.

பத்து நிமிடம்.

கண் திறந்தது.

"மேடம்... நான் செத்துட்டேனா?"

"இல்லண்ணே. நானும் சாகல. காலையில சாப்பிடலையா?"

"எங்க சாப்பிடறது? நீங்கதான் ஓட ஓட விரட்டறீங்களே!"

"நானா விரட்டினேன்? நீங்கதானே துரத்தினீங்க!"

"நீங்க ஓடினதாலதானே துரத்தினேன்!"

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரூல்ஸ் அண்ணன் ஊசி குத்தாத கையால் நெஞ்சோடு அணைத்திருந்ததை நீட்டினார். கசங்கிய ஆர்டரும் தபால் புத்தகமும்! மயங்கியபோதும் விடவில்லை மனிதர்.

"மேடம், உசிரைக் காப்பாத்தினீங்க. என் பிள்ளைகுட்டிங்க உங்களுக்காகச் சாமி கும்பிடும். ஆனா... இது டூட்டி. பதினொன்றரைக்குள்ள கொடுக்கலைன்னா சூப்பரின்டென்ட் என்னை சஸ்பெண்ட் பண்றேன்னுட்டார். இன்னும் எட்டு மாசத்துல ரிடையர்மென்ட்..."

பேனாவையும் எடுத்து நீட்டினார்.

டாக்டரம்மா அந்தக் கையையே பார்த்தார். நெஞ்சுக்குள் ஒன்பது குழந்தைகள் வரிசையாக நின்றன. ஆனால் எதிரே இருப்பதும் ஒரு நோயாளிதானே...

"கொடுங்கண்ணே."

தபால் புத்தகத்தில் பேனா ஓடியது. தேதி. நேரம் 11.05. கையெழுத்து.

* * *

"போட்டுட்டீங்களா...?! கையெழுத்து போட்டுட்டீங்களா...?!"

கோர்ட் வராந்தாவில் வக்கீல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"அவருக்கு உடம்பு சரியில்ல சார்..."

"இப்ப எனக்குத்தான் மேடம் உடம்பு சரியில்ல!"

கணவர் நெருங்கி வந்தார். மனைவியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர். அப்பாவி...

விசாரணை தொடங்கியது.

அரசு வக்கீல் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"மை லார்ட், ஆர்டர் இன்னிக்கு 11.05க்குக் கொடுக்கப்பட்டது. டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க விடுவிக்கப்பட்டாச்சு. இனி தடை கேக்க ஒண்ணுமே இல்ல!"

நீதிபதி கண்ணாடியை இறக்கினார். "உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்கய்யா."

"வற்புறுத்தினாங்களா?"

"இல்லங்கய்யா... நானாத்தான் போட்டேன்."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி பேனாவை எடுத்தார். அவ்வளவுதான்... முடிந்தது...

கடகடகட...!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது ஒரு சக்கர நாற்காலி! அதில் ஆஸ்பத்திரி உடுப்போடு ரூல்ஸ் அண்ணன்! பின்னால் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி சிஸ்டர்!

"மை லார்ட்! ஒரு தப்பு நடந்துபோச்சு! தப்பு பண்ணினவன் நான்தான்!"

கோர்ட் மொத்தமும் திரும்பியது.

"யார்யா நீங்க?"

"ஆர்டரைக் கொடுத்த கிளார்க்குங்கய்யா. எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பக்கத்துல பேப்பர் இருந்தா படிக்காம இருக்க முடியாது. கட்டில்ல தொங்கின என் அட்மிஷன் ஷீட்டைப் படிச்சேன். அட்மிஷன் நேரம் பத்து ஐம்பது!"

"அதனால?"

"உள்நோயாளியாச் சேர்ந்த நிமிஷத்துலேர்ந்து நான் மருத்துவ விடுப்புல இருக்கேன். விடுப்புல இருக்கறவன் தபால் புத்தகத்தைத் தொடவே கூடாது! நான் தொட்டது 11.05க்கு. அந்த நேரத்துல நான் கிளார்க்கே இல்லங்கய்யா... வெறும் நோயாளி! நோயாளி கொடுத்த ஆர்டர் எப்படிச் செல்லும்?"

அரசு வக்கீல் துள்ளினார். "டாக்டரைக் காப்பாத்தப் பொய் சொல்றார்!"

ரூல்ஸ் அண்ணனின் முகம் சிவந்தது.

"சார்! அவங்களைக் காப்பாத்தறதுன்னா நான் ஆர்டரையே கொடுத்திருக்க மாட்டேன்! நன்றி வேற, டூட்டி வேற. தப்பு என்னோடது. தப்புன்னு தெரிஞ்சும் பேசாம படுத்திருந்தா, ஏத்தின குளுக்கோஸ் உடம்புல ஒட்டாது!"

நீதிபதி ஷீட்டை வாங்கிப் பார்த்தார். தபால் புத்தகத்தைப் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு நெளிந்தது.

"ஆர்டர் முறையாகக் கொடுக்கப்படவில்லை. டிரான்ஸ்பருக்கு இடைக்காலத் தடை! டாக்டர் இங்கேயே பணியைத் தொடரலாம். ஆர்டர் கொடுக்கலைன்னு இந்தக் கிளார்க் மேல யாரும் நடவடிக்கை எடுக்கவும் கூடாது."

கைதட்டல்! சிஸ்டர் பாட்டிலைப் பிடித்தபடியே துள்ள, "அம்மா தாயே, ஊசி கழண்டுடும்!" என்று அலறினார் ரூல்ஸ் அண்ணன். டாக்டரம்மாவின் கண்கள் நிறைந்தன. வியாழக்கிழமை நடக்கும்!

ஆனால் கணவர் உட்காரவில்லை. பின் வரிசையில் எழுந்து நின்று விரலை நீட்டினார்.

"ஐயா! இது போதாது! இதுக்குப் பின்னால ஒரு சதிகாரன் இருக்கான்! அவன் யாருன்னு தெரியணும்! பைலைத் திறக்கச் சொல்லுங்க!"

"நியாயமான கேள்வி" என்றார் நீதிபதி. "பைலைக் கொண்டாங்க."

பைல் திறந்தது.

கோர்ட் மொத்தமும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது...

நீதிபதி படித்தார். புருவம் உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது.

"இது ஒரு மனுவின் பேரில் போட்ட டிரான்ஸ்பர். 'என் மனைவி தனியாக இருக்கிறாள். டூட்டி முடிந்து களைத்து வந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் போட்டுக் கொடுக்கவும் ஆள் இல்லை. கருணை கூர்ந்து அவளை நான் இருக்கும் ஊருக்கு மாற்றுங்கள்...' கையெழுத்து, சர்வேயர். தேதி... மூணு வருஷத்துக்கு முந்தியது!"

நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது.

பிறகு மெதுவாக மடங்கியது.

"என்னங்க...?!" டாக்டரம்மா திரும்பினார்.

"அது... அப்ப நான் அந்த ஊர்ல இருந்தேன்... அப்புறம் எனக்கே இங்க மாத்தல் வந்து ரெண்டு வருஷம் ஆச்சா... மனு போட்டதே சுத்தமா மறந்துபோச்சும்மா..."

"அப்ப நம்மளச் சேர்த்து வைக்கப் போட்ட மனுதான் நம்மளப் பிரிக்கப் பார்த்துச்சா?"

"பாசத்துல பண்ணினது..."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த வெந்நீர் நெஞ்சில் எங்கேயோ சூடாக இறங்கியது. ரூல்ஸ் அண்ணன்கூட மூக்கை உறிஞ்சினார்.

"போகட்டும். ஒரு மனுதானே?" என்று சிரித்தார் டாக்டரம்மா.

கணவர் தலையைச் சொறிந்தார். தரையைப் பார்த்தார்.

"என்னங்க... ஒரு மனுதானே...?"

"மாசம் ஒண்ணு, மொத்தம் பன்னெண்டும்மா. ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு அதிகாரிக்குத் தனித்தனியா அனுப்பினேன்..."

அரசு வக்கீல் பைலைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். "ஆமா மை லார்ட். இன்னும் பதினொரு ஆர்டர் வழியில இருக்கு!"

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு வக்கீல் பக்கம் திரும்பினார்.

"சார்... டிரான்ஸ்பர் கிடக்கட்டும். இவரோட பாசத்துக்கு ஏதாவது ஸ்டே கிடைக்குமான்னு பாருங்க!"