போர்டில் இல்லாத பேர்

"அய்யோ… கண்ண எங்கய்யா வச்சிருக்கீக!"

கடை முன்னால் படுதாவில் தேங்கிய மழைத் தண்ணீரைக் கம்பால் தள்ளிவிட்ட ஷஹீர் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தான். அத்தனை தண்ணீரும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுந்திருந்தது. கண்மை கரைந்து கன்னத்தில் இறங்க, அவள் நிமிர்ந்து முறைத்தாள். பெரிய கண்கள்… கோபத்திலும் ஓரத்தில் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்திருந்த கண்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ஏனுங்க… நீங்க நிக்கிறது தெரியலீங்க."

"மழைக்குன்னு ஒதுங்குனா, ஒங்க கடையில தனி மழையால்ல பெய்யுது!"

பாலக்காடு சுல்தான்பேட்டையில் அத்தா முகம்மது குட்டியும் மகன் ஷஹீரும் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடை அது; கடைக்கும் மகன் பேர்தான். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ கண்ணீர் அஞ்சலியோ, அந்தப் பக்கத்தில் போர்டு என்றால் இங்கேதான். அவளும் போர்டு அடிக்கத்தான் வந்திருந்தாள். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பேரைச் சொன்னாள். கற்பகம். சொந்த ஊர் மூணாறு பக்கம் சித்திரபுரம். இங்கே ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை.

"சனிக்கெழம எங்க பிரைடு ஊர்வலம், வானவில் கொடி பிடிச்சுப் போவோமே, அது. ஜங்ஷன்ல வைக்க பெரிய போர்டு ஒண்ணு வேணும். நான் திருநங்கை. நீங்க யோசிச்சு யோசிச்சுப் பாக்கதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

"நான் யோசிச்சது அதில்லீங்க."

"பின்ன?"

"ஒரு சாயா சொல்லட்டுமான்னு…"

"தேயிலக் காட்டுக்காரிக்கு டீ வாங்கிக் குடுத்துத் தப்பிக்கப் பாக்கீகளா?" என்று சிரித்தாள் பாருங்கள்… நம் ஷஹீர் அங்கேயே காலி.

ஒரு மணி நேரத்தில் முடிகிற டிசைன் மூன்று நாள் இழுத்தது. வேலை முடிந்து சாயங்காலம் வருவாள். கம்ப்யூட்டர் முன்னால் பக்கத்து ஸ்டூலில் உட்காருவாள்.

"இந்த ஊதா நல்லால்ல. கத்திரிக்கா மாதிரி இருக்கு."

"கத்திரிக்காயும் ஊதாதானுங்க."

"அப்ப கொழம்பு வைங்க, போர்டு எதுக்கு?"

அவள் போன பிறகும் அந்த ஸ்டூலை அவன் நகர்த்தவில்லை.

வியாழக்கிழமை வியாபாரி சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து அத்தாவிடம் மெதுவாகப் பேசிவிட்டுப் போனார்கள். ஊர்வலம் கூடாது என்று ஏற்கெனவே சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அத்தா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்தாவது பேசியிருக்கலாம்.

"வாங்குன வேல, செஞ்சு குடுத்துரு. ஆனா கீழ நம்ம பேரு வேணாம். அன்சிலாவப் பொண்ணு கேட்டு வர்ற நேரம்…"

தங்கச்சி பேரைச் சொன்னால் ஷஹீருக்கு வாய் அடைத்துவிடும்.

ரோட்டோரம் வைக்கிற போர்டில் அதை அடித்த கடையின் பேரும் போன் நம்பரும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நகராட்சி ஆட்கள் இறக்கிவிடுவார்கள். இது தெரியாத ஃப்ளெக்ஸ்காரன் கேரளத்தில் கிடையாது. தெரிந்தேதான் அந்த வரியை அவன் அழித்தான். கத்திரிக்காய் ஊதாவை மாற்றிய அதே விரலால்.

சனிக்கிழமை காலையில் யாரோ புகார் கொடுக்க, போர்டை இறக்கி டெம்போவில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கற்பகம் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"கடை பேரு இல்லன்னு எறக்கிட்டாகளே! எல்லா போர்டுலயும் இருக்குமே, எங்களுதுல மட்டும் எப்படி…"

உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியையும் விட்டான்.

"அவசரத்துல… விட்டுப் போச்சுங்க."

அவள் நம்பிவிட்டாள்! அதுதான் அவனைக் கொன்றது.

"சாரமில்ல, விடுங்க. மனுசன்னா மறக்கத்தான் செய்வாக. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீக. கையில பிடிக்கத் துணி பேனர் இருக்கு. நாலு மணிக்கு இந்த வழியாத்தான் வருவோம். வெளிய வந்து ஒருக்கா கையக் காட்டுங்க, போதும்."

திட்டியிருந்தால்கூட மதியம் சோறு இறங்கியிருக்கும். கடை முழுக்க அடித்து வைத்த போர்டுகள். ஒவ்வொன்றின் கீழும் அவன் பேர், அவன் நம்பர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூசியது. முகம் தெரியாதவர்களின் காதுகுத்துக்கெல்லாம் தந்த பேரை இவளுக்குத் தர முடியவில்லையே… நீயெல்லாம் ஒரு ஆளாடா?

நாலு மணிக்குத் தூறல். அறுபது பேர் இருப்பார்கள். செண்டை முழங்க, வண்ணக் குடைகள் அசைய வந்தார்கள். எதிர்வரிசையில் சிலர் நின்று கத்தினார்கள். மஞ்சள் புடவையில் முன்னால் வந்த கற்பகம், கடைப் படியில் அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைத்தாள்.

"உள்ள வா ஷஹீர்," என்றார் அத்தா.

அவன் படியிறங்கிவிட்டான். நேராக அவள் முன்னால் போய் நின்றான்.

"மறக்கலீங்க. நாந்தான் அழிச்சேன். பயந்துக்கிட்டு அழிச்சேன். காலைல பொய் சொன்னேன்."

சிரிப்பு அப்படியே வற்றியது. கூட்டம் இருவரையும் சுற்றிக்கொண்டு நகர்ந்தது.

"கற்பகம்ங்கிற பேர கெஜட்டுல வர வைக்க எத்தன ஆபீஸ் படி ஏறுனேன் தெரியுமா? அந்தப் பேரோட எஸ்டேட் லைன் வீட்டுக்கு வராதன்னு பெத்த அய்யாவே கதவச் சாத்துனாக. அப்பவும் நான் விடல. நீங்க பொறந்ததுலேர்ந்து கூடவே இருக்க பேர… ஒரு தட்டுல அழிச்சிட்டீகளே."

மழைத்தண்ணீர் மூக்கில் வழிய, முன்னால் போய் மைக் வைத்திருந்தவரிடம் கை நீட்டினான்.

"என் பேரு ஷஹீர். முகம்மது குட்டி மகன். ஜங்ஷன்ல இருந்த போர்ட அடிச்சது நானுங்க. கடை பேர எடுத்ததும் நாந்தானுங்க. வெக்கமா இருக்குது. மன்னிச்சுருங்க."

எதிர்வரிசையில் விசில் பறந்தது. அத்தா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அதுவும் வலித்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"இன்னொண்ணும் இருக்குதுங்க. உங்கள எனக்குப் புடிச்சிருக்குது… ரொம்ப."

"அத ஏன் மைக்குல சொல்லல? அதுக்கும் பயமா?"

"இல்லீங்க. ஊருக்குச் சொல்றதுக்கு முன்ன உங்களக் கேக்கணுமில்ல."

கற்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்மை மறுபடி கரைந்திருந்தது. இந்த முறை மழை மட்டும் காரணமில்லை.

"எனக்கும் ஒங்களப் பிடிச்சிருக்கு," என்றாள் மெதுவாக. "இல்லன்னா இம்புட்டு வலிச்சிருக்காது."