ஜன்னல் சட்டத்தில் மண்கூடு

காலையில் கட்டைவிரல் அளவே இருந்த மண்கூடு, மதியம் நோரா கண் விழித்தபோது ஜன்னல் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. காய்ச்சலென்று அவள் படுத்து அன்றைக்கு மூன்றாவது நாள். தங்கவயலிலிருந்து வந்து, காக்ஸ் டவுனில் ஜெயலக்ஷ்மி வீட்டுப் பின்னறையை வாடகைக்குப் பிடித்து, நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஈரமண் வாசனையும் சமையலறையில் கொதிக்கும் கஷாயத்தின் கசப்பு நெடியும் அறைக்குள் கலந்து தேங்கியிருக்க, குளவியின் ரீங்காரம் நின்று நின்று கேட்டது.

குளவி ஒரு சிலந்தியை இழுத்து வந்தது. அதன் கால்கள் துவண்டு தொங்கின. ஒன்று மட்டும் நுனியில் துடித்தது. அதைக் கூட்டுக்குள் தள்ளிவிட்டு, குளவி மண்ணால் வாசலை அடைக்கத் தொடங்கியது.

ஜெயலக்ஷ்மி தம்ளருடன் வந்து, நோராவின் கழுத்தைத் தாங்கிக் கஷாயத்தைப் புகட்டினாள்.

"ஆன்ட்டி, காலு ரெண்டும் மரத்துப் போச்சு. எங்க அசோகன் சித்தப்பாவுக்கு ஒரு போன் பண்ணுங்களேன்."

"பண்ணிட்டேம்மா. ஸ்வல்ப ரெஸ்ட் எடு."

கூடத்தில் டெலிபோன் டயல் சுழலும் சத்தத்தை நோரா இந்த மூன்று நாளில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பார்வையை ஜன்னலுக்குத் திருப்பினாள்.

"அந்தச் சிலந்தி சாகல ஆன்ட்டி. உசுரோட வெச்சு மூடுது."

"சாகக் கூடாதும்மா." ஜெயலக்ஷ்மி முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். "செத்தத குஞ்சு தின்னாது. அதுவும் அம்மாதானே?"

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். நனைத்த செய்தித்தாளை மடித்து மடித்து இடுக்குகளில் திணித்தாள். வெளிச்சம் கோடாகி, நூலாகி, அணைந்தது. கதவுக்கு வெளியே தாழ் விழுந்தது.

நோரா கையை ஊன்றி எழப் பார்த்தாள். கை வரவில்லை. கத்தப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை. கண்கள் மட்டும் அசைந்தன.

எவ்வளவு நேரமோ. தாழ் விலகியது.

கூடத்து விளக்கொளியில் ஜெயலக்ஷ்மி பின்பக்கமாக நடந்து வந்தாள். நடை பழகும் பிள்ளையைப் போல எதையோ இரு கைகளாலும் பிடித்து அழைத்து வந்தாள்.

"வா கண்ணா. பயப்படாதே. வா."

நிலையில் தலை இடிக்காமல் அது குனிந்தது. முடியில்லாத வெளுத்த உடம்பு. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான தோல்.

கட்டிலோரம் மண்டியிட்டது. நோராவின் பாதத்தில் மூச்சு பட்டது. வெதுவெதுப்பாக.

"மெதுவா, கண்ணா. கால்லேந்து ஆரம்பி."

அது வாயைத் திறந்தது. பால்பற்கள். வரிசைக்குப் பின்னால் வரிசையாக.