எட்டுப் பிடிக் கதவு

கதவின் கீழ்விளிம்பில் ஈரம் கசிந்திருந்தது. ஜலீல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. கோடையில் சமயநல்லூர்க் கிணறுகளே வற்றிக் கிடக்க, பழைய பஞ்சுக் கிட்டங்கிக்குள் கடல்தண்ணீர் எப்படி வரும்?

உலக யுத்தம் வந்ததிலிருந்து அந்தக் கிட்டங்கியில் பிரிகேட் என்னும் போர்க்கப்பல்களின் உதிரிபாகங்களை அடுக்கியிருந்தார்கள். நீர்மூழ்கிகளை வேட்டையாடக் கட்டி, ஆறுகளின் பெயர் சூட்டிய கப்பல்கள். எல்லாம் ஒரே வார்ப்பு; ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு இம்மி பிசகாமல் பொருந்தும். அவற்றில் ஒன்றில்தான் அவன் தம்பி நாகூர் கனி கொதிகலன் அறையில் வேலை பார்த்தான். சின்ன வயதில் பஞ்சு அரைக்கும் மில்லில் மோதிரவிரலைப் பாதி இழந்தவன்.

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தான்: 'எங்கள் அறைக்கு எட்டுப் பிடி வைத்த இரும்புக் கதவு, அண்ணே. தண்ணீர் ஏறினால் வெளியே நிற்பவர்கள் அடைத்துவிடுவார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக்கூடாது என்பது சட்டம்.'

அதே கதவின் உதிரிதான் இது. செங்கல் வைத்து அடைத்த பழைய வாசலொன்றின் முழ ஆழக் குழிவை மூடியபடி, சட்டத்தோடு நின்றது. பிடிகளுக்குக் கிரீஸ் தடவி இறுக்குவது ஜலீலின் அன்றாட வேலை. எட்டையும் இறுக்குவான். இரண்டு அடி நடப்பான். இறுக்கினோமா? திரும்பி வந்து முதலிலிருந்து மறுபடியும்.

"அண்ணே, உள்ள தண்ணி ஊத்துனீகளா?" என்று வாசல் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"குடிக்கவே இல்லையாம், இதுல கதவக் குளிப்பாட்டுறாகளாக்கும்," என்றார் வாசலில் இருந்த காவல்காரர் முத்திருளன். "டைப்பு கிளாசுக்கு நேரமாகலையா தம்பி?"

"இந்தா போறேண்ணே."

அப்போதுதான் அந்தத் தட்டல் கேட்டது. இரும்புக்கு அந்தப் பக்கம், செங்கல் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில். இரண்டு. சற்றுப் பொறுத்து ஒன்று. இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, வாப்பாவுக்குத் தெரியாமல் கனி தட்டும் தட்டல்.

தினமும் அடைத்தவன் நான்தானே.

பிடிகளைத் தளர்த்தத் தொடங்கினான்; கிரீஸ் கையில் வழுக்கியது. ஒரு பிடி. இரண்டு. ஐந்து. தட்டல் மெலிந்துகொண்டே வந்தது. எட்டாவது பிடியில் நின்றேவிட்டது.

இழுத்துத் திறந்தான்.

யாரும் இல்லை. நனைந்த செங்கல். அதில் உள்ளங்கைத் தடங்கள். பத்து, இருபது, தலைக்கு மேலேயும். எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு விரல் பாதியாய், ஒரு கை.

"கனி..."

குழிவுக்குள் ஏறி அந்தத் தடத்தின் மேல் கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. ஒரு பிடி இறுகியது. இன்னொன்று. எட்டும். வெளியே இரண்டு அடி நடக்கும் சத்தம். நின்றது. திரும்பி வந்தது. மறுபடி முதல் பிடியிலிருந்து.

"கதவு என்ன ஓடியா போயிரும்? கிளம்புங்க தம்பி." வெளியே முத்திருளன்.

"இந்தா போறேண்ணே."

வெளியே பதில் சொன்னது ஜலீலின் குரல்.

கிட்டங்கி வாசலில் பூட்டு விழுந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அவன் இரும்பில் தட்டினான். இரண்டு.

பிறகு ஒன்று.