சலவைப் பட்டறையின் இரண்டு முகமூடிகள்

திங்கட்கிழமை, காலை 11.20.

சலவைப் பட்டறையின் கதவை மூன்று பேர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பினார்கள். உள்தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை வெளியே வந்தது. நெம்பிய மூவரும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள். புகை அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

அப்புறம்தான் சின்னான் கண்ணில் பட்டான். கதவுக்கு ஒரு முழம் தள்ளிக் குப்புறக் கிடந்தான். முகமூடியின் வார் பிடரியில் இறுக்கி மாட்டியபடியே இருந்தது.

வருஷம் 1967. மாதம் பங்குனி. திருப்பூரில் பங்குனி என்றால் காற்றில் பாதி பஞ்சு. எங்கள் தெருவுக்கு மேற்கே பருத்தியில் கொட்டை நீக்கும் ஜின்னிங் பேக்டரி, கிழக்கே பனியன் கம்பெனியின் சலவைப் பட்டறை. மேல்காற்று அடித்தால் ரசத்தில் பஞ்சு மிதக்கும். கீழ்காற்று அடித்தால் பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைப் பிடுங்கும். அதனால் தெருவில் முகத்தை மூடாத ஆள் கிடையாது. ஆளுக்கொரு தினுசு. போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா பட்டுக் கைக்குட்டை. அதை மடித்துக் கட்டுவதில் எம்பிராய்டரி பூ வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம். டீக்கடைக்காரருக்குப் பனியன் துண்டு. அதைக் கழற்றினால் டம்ளர் துடைக்கிறார் என்று அர்த்தம்.

நிஜமான முகமூடி பட்டறையில் வேலை செய்யும் சின்னானுக்கும் அவன் மச்சினன் ராசப்பனுக்கும் மட்டும்தான். ரப்பரில் செய்தது. மூக்குக்கு நேரே ஒரு தகர டப்பா. தை மாதம் முதலாளி மெட்ராஸிலிருந்து தருவித்தார். டப்பாவுக்குள் இருக்கிற மருந்து ஆசிட் புகையைத் தின்றுவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். என்ன மருந்து என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இரண்டு மாதமாக இருவருக்கும் இருமலே இல்லை. அது போதாதா?

பகல் 12.10. ஏட்டு சுப்பண்ணன் சைக்கிளில் வந்தார். பிணத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"உள்ளதான தாழ் போட்டிருந்துது?"

"ஆமாங்க," என்றார் மேனேஜர் கருப்புசாமி. "பஞ்சு சீசன்ல எப்பவுமே தாழ் போட்டுத்தானுங்க வேலை. இல்லீன்னா பஞ்சு பறந்து வந்து ஈரத் துணியில ஒட்டிக்கும்."

"வேற வழி?"

"மேல ஒரு காத்துச் சந்து. பூனைகூட நுழையாது."

"அப்ப சாராயம்," என்றார் ஏட்டு.

"வாசனை வருதுங்களா?"

"ஆசிட் நெடியில எந்த வாசனை வரும்? குடிச்சுப்போட்டு ஆசிட்டை அளவில்லாம பவுடர் தொட்டியில ஊத்தியிருக்கான். மதுவிலக்கு ஊர்ல இதுக்குமேல என்ன எழுதறது?"

வாசனை வராததே சாராயத்துக்குச் சாட்சி ஆனது. அந்த நேரத்தில்தான் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏட்டய்யா, அந்த டப்பாவைத் தொறந்து பாத்தீங்களா?"

பசீர் அகமது பாய். வேஸ்ட் வியாபாரி. கம்பெனி கம்பெனியாகப் போய்க் கழிவுப் பஞ்சு, வெட்டுத் துணி எல்லாம் எடுப்பவர். விரலால் ஒரு சிட்டிகை கிள்ளிப் பார்த்தே எந்தக் கம்பெனி, எந்த செக்‌ஷன் என்று சொல்லிவிடுவார். அன்றைக்கும் மூட்டை எடுக்கத்தான் வந்திருந்தார். வந்த வேலையை மறந்து நின்றதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. இந்தத் தெருவில் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு.

ஏட்டு டப்பாவின் மூடியைத் திருகினார். உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு, அடைக்க வேண்டிய விதத்தில் அடைத்திருந்தது.

"பஞ்சுதானுங்க," என்றார் மேனேஜர்.

"பஞ்சுதான இருக்கணும்?" என்றார் ஏட்டு.

திருப்பூர்க்காரர்கள் யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. பாய் மட்டும் ஒரு சிட்டிகை கிள்ளினார். விரலில் உருட்டினார். முகர்ந்தார். கிள்ளியதை மடியில் முடிந்துகொண்டார்.

பகல் 1.00. மடிக்கிற செக்‌ஷன். ராமாத்தாள், ஐம்பது வயசு, ஒரு நிமிஷத்துக்கு எட்டு பனியன் மடிப்பவள்.

"சின்னானைக் கடைசியா யாரு பாத்தது?" என்று கேட்டார் பாய்.

"நாந்தானுங் பாய். பத்து மணி இருக்கும். முகமூடியை மாட்டிப் பாத்துட்டு, 'ராமாத்தாக்கா, இன்னிக்கு மூச்சு நல்லாப் போகுது, லேசா இருக்குது'ன்னாரு. சிரிச்சுட்டே உள்ள போயித் தாழ் போட்டாரு. குடிச்ச ஆளு மாதிரியே இல்லீங்க."

"எழுதிக்கங்க ஏட்டய்யா," என்றார் மேனேஜர் அவசரமாக. "முகமூடி நல்லாத்தான் இருந்துச்சு. கம்பெனி மேல தப்பில்லை."

"சனிக்கிழமை நீங்க அவனை வைஞ்சதா கேள்விப்பட்டேன்?" என்றார் பாய்.

கருப்புசாமியின் முகம் சுருங்கியது. "கரும்புள்ளி பாய்! வெள்ளைப் பனியன்ல கரும்புள்ளி விழுந்தா அத்தனையும் செகண்ட்ஸ், பாதி விலைக்குத்தான் போகும். அந்த டப்பாவுல இருந்து கருப்பு கருப்பா உதிருது. இனி ஒரு புள்ளி விழுந்தா ரெண்டு முகமூடியையும் புடுங்கி நொய்யல் ஆத்துல வீசிருவேன்னு சொன்னேன். அதுக்காக நான் கொலைகாரனா?"

"டப்பாவை நீங்க தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லை. ஞாயித்துக்கிழமை லீவு. சனிக்கிழமை சாயங்காலமே ரெண்டு பேரும் முகமூடியை ஊட்டுக்குத் துவைக்கக் கொண்டு போயிட்டாங்க."

செவ்வாய்க்கிழமை, மாலை 4.30.

சின்னானை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி சென்னம்மாள் வீட்டில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். சென்னம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை: அதே கம்பெனியில் நூலைக் கோனில் சுற்றுகிறவள். சுத்தம் என்றால் பைத்தியம். விறகைக்கூடக் கழுவி அடுக்குவாள் என்று நாங்கள் கேலி செய்வோம். கை மட்டும் தாராளம். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைகூட ஆறு வீட்டுக்குப் பல் விளக்கக் கரி கொடுத்தாள். இலவசமாக வாங்கிக்கொண்டு, சரியாக இடிக்கவில்லை, ஈறு கிழிகிறது என்று குறையும் சொன்னோம்.

பாய் வாசலில் செருப்பை விட்டார். கை கழுவத் துவைகல் பக்கம் போனார். அங்கே ஒரு கொட்டாங்குச்சியில் கரி இருந்தது. கை கழுவப் போனவர் கழுவாமல் குனிந்தே நின்றார். அப்புறம் மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"பாய், ஏட்டய்யா சாராயம்னு எழுதறாருங்களாமா," என்றாள் சென்னம்மாள். "அவிய வெத்தலைகூடப் போடாத மனுசன். யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க. நீங்க கண்டுபுடிச்சுச் சொல்லோணுமுங்க சாமி."

"விடு அம்மிணி. போன உசிரு போச்சு."

"விடமாட்டனுங்க."

அப்போது ஏட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். பின்னாலேயே மேனேஜர் வந்தார். உட்காரவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு ராசப்பன் வேலைக்கு வரவேண்டும் என்றார். சலவைக்கு வேகவைத்த துணி அப்படியே கிடக்கிறது, இன்னொரு நாள் விட்டால் மஞ்சள் ஏறிவிடும். வராவிட்டால் அவிநாசிபாளையத்திலிருந்து இரண்டு பேர் வரத் தயார்.

சின்னான் செத்த திங்கட்கிழமை ராசப்பன் சேவூரில் இருந்தான், ஒரு சீமந்தத்துக்கு. இருபத்தி மூன்று வயசு. அக்கா வீட்டில்தான் இருக்கிறான். "வர்றனுங்க," என்று எழுந்தவன், ஆணியில் மாட்டியிருந்த தன் முகமூடியை எடுத்தான்.

"ராசப்பா, அதை இங்க கொடு," என்றார் பாய்.

குரலில் என்னவோ இருந்தது. ஏட்டுகூட வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். பாய் டப்பாவைத் திருகினார். உள்ளே அதே வெள்ளைப் பஞ்சு.

"இதைச் சொல்லாம போயிரலாம்னுதான் பாத்தேன்," என்றார். "இனி முடியாது. நாளைக்கு இவன் இதை மாட்டிட்டு உள்ள போவான்."

டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி ஏட்டின் முன்னால் நீட்டினார்.

"மெட்ராஸ் டப்பாவுக்குள்ள திருப்பூர்ப் பஞ்சு எப்படி வரும் ஏட்டய்யா? இது ஜின்னிங் பஞ்சே இல்லை. கோன் சுத்தறப்ப அறுந்து விழற நூல் வேஸ்ட், பிரிச்சு விட்டது. அதும் துவைச்சது. சீயக்கா வாசனை அடிக்குது. ஒருத்தனைக் கொல்ல நினைக்கிறவன் வேஸ்டைச் சீயக்காப் போட்டுத் துவைப்பானா? முப்பது வருசமா வேஸ்ட் எடுக்கறேன், துவைச்ச வேஸ்டை நான் பாத்ததே இல்லை."

"அப்ப உள்ள இருந்த மருந்து?" என்றார் ஏட்டு.

"கரிதான் மருந்து. துவைகல் மேல இருக்குது பாருங்க. அடுப்புக் கரின்னா சாம்பலும் சிம்புமா இருக்கும். அது கேப்பை மாதிரி ஒரே அளவு. கரிக்குள்ள நுழைஞ்சு வர்ற காத்து முக்கித்தான் வரும். சின்னான் என்ன சொன்னான்? 'இன்னிக்கு மூச்சு நல்லாப் போகுது'ன்னான். நாம அதை முகமூடி நல்லா இருக்குதுன்னு எடுத்துக்கிட்டோம். காத்து தாராளமா வந்துது. அந்த வழியில புகையும் தாராளமா வந்துது. கண்ணு எரிஞ்சு தெரியாம, துரு ஏறின தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பாத்திருக்கான்."

பாய் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "நீதான் அம்மிணி மாத்துனே. ரெண்டு டப்பாவையும்."

சென்னம்மாள் அழவில்லை. அவர் சொன்னது புரியாதவள்போலப் பார்த்தாள்.

"கரும்புள்ளி விழுந்தா முகமூடியைப் புடுங்கிருவன்னு மேனேஜர் சொன்னாருங்க. முன்ன அது இல்லாம அவிய இருமி இருமி ரத்தமாக் கக்குனவிய. தொறந்து பாத்தேன். மருந்தெல்லாம் கருகிக் கரியாப் போயிருந்துது. ரெண்டு மாசத்துப் புகை, அழுக்கு அடைஞ்சிருக்குதுன்னு நெனச்சு..." நிறுத்தினாள். "மூணு தண்ணியில அலசித்தானுங்க பாய் போட்டேன். சுத்தமாத்தானுங்க போட்டேன்."

ராமாத்தாள்தான் முதலில் எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை சென்னம்மாள் கொடுத்த கரி இருந்த தன் பல்பொடி டப்பாவோடு வந்தாள். அப்புறம் போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா. அப்புறம் நாங்கள். ஆறு வீட்டுக் கரியும் ஒரு முறத்தில் சேர்ந்தது. ஒரு வீட்டில் நைசாக இடித்திருந்தார்கள். இரண்டு வீட்டில் உப்பு. ஒன்றில் படிகாரம், கிராம்பு. எல்லாம் ஈரம். கொட்டாங்குச்சியில் இருந்ததையும் போட்டுப் பார்த்தால் ஒரு டப்பாவுக்குப் பாதி வந்தது.

பாய் முறத்தைத் தள்ளி வைத்தார். "இனி ஆகாது."

ஏட்டு நோட்டைப் பிரித்தபடி உட்கார்ந்திருந்தார். "நெசத்தை எழுதுனா இந்தப் பொம்பளையைக் கூட்டிட்டுப் போகணும். சாராயம்னா செத்தவன் மேல பழி. கம்பெனின்னு எழுத, முகமூடி வாங்கித் தந்தவங்க மேல என்ன செக்‌ஷன் போடறது? பாய், நீங்களே சொல்லுங்க."

ஏட்டு 'மூச்சுத் திணறல்' என்று எழுதினார். அந்த அளவுக்கு அது பொய்யில்லை.

புதன்கிழமை, காலை 5.50.

புதுக் கரி டப்பா மெட்ராஸிலிருந்து வர இருபது நாள் ஆகும் என்றார் மேனேஜர்.

"கதவையாவது தொறந்து வெச்சு வேலை செய்யட்டும்," என்றார் பாய்.

"பஞ்சு ஒட்டுமுங் பாய். நான் மட்டும் என்ன பண்ணட்டும்? தாழ் வேண்டாம். சாத்தி வெக்கட்டும். அவ்வளவுதான் என்னால ஆகும்."

ராசப்பன் பட்டறை வாசலில் ஒரு கையில் முகமூடியும் இன்னொரு கையில் துண்டுமாக நின்றான்.

"எதுங்க பாய் கட்டறது?"

"துண்டு. நனைச்சு நாலு மடிப்பாக் கட்டு. ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. தொண்டை கரிச்சா வெளிய ஓடி வந்துரு."

"அது காப்பாத்துமுங்களா?"

"கொஞ்ச நேரத்துக்கு, கண்ணு."

ராசப்பன் துண்டை நனைத்து மூக்கும் வாயும் மூடக் கட்டினான். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

சென்னம்மாள் வந்திருந்தாள். அடக்கம் முடிந்து ஒரு நாள்கூட ஆகாமல் வாசல் தாண்டிவிட்டாளே என்று நாலு வீட்டில் பேச்சு. பேசியதில் நாங்களும் உண்டு. பேசிக்கொண்டே அவள் பின்னால் வந்து நின்றதிலும் உண்டு. அவள் காத்துச் சந்துக்குக் கீழே நின்றுகொண்டாள்.

"ராசப்பா!"

"ஏனுக்கா?"

உயிர் வந்தது அவளுக்கு. பத்து எண்ணும் நேரம் பொறுத்தாள்.

"ராசப்பா!"

"இருக்கறனக்கா!"

குரல் தெளிவாகக் கேட்டது. பாய் தலையைத் தூக்கினார். வாயில் நாலு மடிப்பு ஈரத் துண்டு இருப்பவனின் குரல் அப்படிக் கேட்காது.

மூன்றாவது முறை வாயைத் திறந்தாள்.

"கூப்பிடாதே அம்மிணி," என்றார் பாய். "உனக்குப் பதில் சொல்லணும்னு ஒவ்வொரு தரமும் துண்டை இறக்கறான்."

சென்னம்மாள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஆசிட் ஜாடியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அதற்குமேல் அவள் கூப்பிடவில்லை.