உப்பில்லாத கோழித்தண்ணி

லா சப்பல் மெற்றோ ரயில் பாலத்துக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றாள் பேர்ளி. ஓடிவந்த ஒருவன் அவள் குடையில் மோதினான்... மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தவன், அந்தப் பெரிய கண்களைக் கண்டதும் கேட்க வந்ததை மறந்து போனான். அவன் தோளில் தொங்கிய பைக்குள் ஒரு பூனை குந்திக் குந்தி முக்கி அழுதது. பேர்ளி எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா மூத்திரம் போகேல்லை?"

காதல் கதையில் நாயகி கேட்கும் முதல் கேள்வி இப்படி இருக்கக் கூடாதுதான். என்ன செய்வது, அவள் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மிருக வைத்தியரின் உதவியாளர். அவனை அப்போதே கூட்டிக்கொண்டு நடந்தாள்.

அவன் யதுர்ஷன். பூனை துரை. வைத்தியர் அடைப்பை எடுத்துவிட்டு, நீரிழிவும் இருக்கிறது என்றார். யதுர்ஷனின் அம்மா இந்திராதேவி ஊட்டி வளர்த்த பால்சோறும் பூனை பிஸ்கற்றும் இனிக் கூடாது. டின்னில் வரும் ஈர இறைச்சியில் நிறையத் தண்ணீர் கலந்து வைக்க வேண்டும். இரண்டு நேரமும் இன்சுலின் ஊசி.

"எங்கட வீடு சைவம்," என்றான் யதுர்ஷன் விறைப்பாக.

"பூனை சைவமில்லைத்தானே..."

அவனுக்குச் சுருக்கென்றது. நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டான்.

மறுநாளே ரோசத்தை விழுங்கிக்கொண்டு வந்து நின்றான். துரை டின் சாப்பாட்டைத் தொடவில்லை. சாப்பிடாவிட்டால் ஊசியும் போட முடியாது. பகல் முழுக்க அம்மாவுக்கு அந்த வீட்டில் துரைதான் துணை என்றான். பேர்ளிக்கு மனசு இளகிவிட்டது. வைத்தியரைக் கேட்டு, உப்பும் வெங்காயமும் போடாமல் கோழி அவித்து, அந்தத் தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஊற்றியதும் துரை தட்டையே நக்கிவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் பாலத்தடியில் போத்தல் கை மாறியது. துரையைப் பற்றி இரண்டு வசனம் சொல்வான் யதுர்ஷன். அவள் இமையில் நிற்கும் மழைத்துளியைப் பற்றி நூறு வசனம் நினைப்பான்... ஒன்றையும் சொல்லமாட்டான். அவளும் தெரியாதவள் போலக் குடையை விரிப்பாள்.

ஒருநாள் அம்மா, அவித்துத் தருவது யார் என்று கேட்டார். கிறிஸ்தவப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. வேதக்காரப் பிள்ளையின் போத்தல் இனி வீட்டுக்கு வரக்கூடாது என்றார்.

அடுத்த மாலை அவன் வரவில்லை. அதற்கடுத்த மாலையும் வரவில்லை. பேர்ளி ஆறிப்போன போத்தலோடு நின்றாள். துரைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தாள். பயம் துரைக்காக மட்டுமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் வந்தான். கையில் கழுவிய பழைய போத்தல். அதற்குள் பயித்தம் பணியாரம்.

"அம்மா தந்தவ. வெறும் போத்தல் திருப்பிக் குடுக்கக் கூடாதாம்."

போத்தல் நின்ற அன்றே துரை பட்டினி கிடந்ததாம். அதைப் பார்த்துத் தாங்காமல், பல்கனியில் மின் அடுப்பு வைத்து, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அம்மாவே கோழி அவித்தாராம். இத்தனை நாளும் இதைச் செய்து தந்த பிள்ளையை அப்படிச் சொல்லிவிட்டேனே என்று அழுதாராம்.

"இனி அவவே அவிப்பா, பேர்ளி. எனக்கு இஞ்சை வர ஒரு சாட்டும் இல்லை. அதால உண்மையைச் சொல்ல வந்தனான்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

மழை பாலத்தின் இரண்டு பக்கமும் திரையாக இறங்கியது. பேர்ளி பணியாரம் ஒன்றைக் கடித்தாள். போத்தலை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வாங்கோ. நானும் வெறும் போத்தல் திருப்பித் தரமாட்டன்..."