சைபர் இல்லாத கோடி

சனிக்கிழமை காலை. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூட வராந்தாவில் ஒரே வாக்குவாதம். ஐந்தாம் வகுப்பு ஓவியா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரிகளை ஆராய்ச்சி செய்யும் ரேவதி, போன மாதம் வீடு வீடாகக் கேட்டு ஓர் அறிக்கை எழுதியிருந்தார். அவர் திருநெல்வேலிக்காரர். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, ஏரியைச் சீர்செய்யும் வேலைக்கு அனுமதி தரும் அதிகாரி விமல்ராஜ் நேரிலேயே வந்துவிட்டார். அவரும் மதுரையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏரி நிறையறதுக்கு முன்னாடியே கோடி போச்சுன்னு சொன்னது யாருங்க?"

"நான்தாங்க," என்றாள் ஓவியாவின் அம்மா திரௌபதி.

"நீங்க பார்த்தீங்களா?"

"ஊரே பார்த்துச்சுங்க. பசங்க அதுல மீன்கூடப் புடிச்சாங்க."

"கோடியில மீனா? சரி, ஒரு கோடியா, ரெண்டு கோடியா?"

"எங்க ஏரிக்கு ஒரே கோடிதாங்க."

விமல்ராஜ் காகித ஓரத்தில் ஒன்று என்ற எண்ணை எழுதி, வரிசையாகச் சைபர் போட்டார். "விசாரணை முடியட்டும். அதுவரைக்கும் வேலை கிடையாது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. திரௌபதி விரல் மடக்கி நாளை எண்ணினாள். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். போன வருஷம் ஏரியில் தண்ணீர் நிற்காமல் அவர்கள் நிலம் தரிசாகக் கிடந்தது. இந்த வருஷமும் அப்படியானால்?

ஓவியாவுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"சார், உங்க கோடிக்கு எத்தனை சைபர்?"

"ஏழு."

"எங்க கோடிக்குச் சைபரே கிடையாது சார். வாங்க, காட்டறேன்."

எல்லோரும் அவள் பின்னால் நடந்தார்கள். ஏரிக்கரையின் முனையில், மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகக் கட்டிய கல் சுவர் இருந்தது. நடுவில் எருமை நுழையும் அளவுக்கு உடைந்திருந்தது.

"இதான் கோடி. ஏரி பாதி ரொம்பறதுக்குள்ளயே தண்ணி இதுல போயிடுது."

ரேவதி தலையில் கை வைத்தார். "ஐயோ! இதை எங்க ஊர்ல மறுகால்னுல்லா சொல்லுவோம். நான் பணம்னு நெனச்சுட்டேன்."

"எங்க பக்கம் கலுங்கு," என்ற விமல்ராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் திருடனைப் பிடிக்கத்தானே வந்தேன்!"

"அக்கா, மறுபடி எழுதினா எங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க," என்றாள் ஓவியா.

ரேவதி அங்கேயே கரையில் உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார். ஊர்க்காரர்கள் நான்கு இடத்தில் திருத்தினார்கள். "மதகு மூணுதான். ஆனா ஒண்ணு அடைஞ்சு ரொம்ப நாளாச்சு, அதையும் எழுதுங்க," என்றாள் திரௌபதி. விமல்ராஜ் உடைப்பைத் தானே டேப்பால் அளந்து, ஜீப்பின் மேலேயே வைத்து அனுமதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. புதுச் சுவர் அசையவில்லை. ஏரி தளும்பி நின்றது.

மறுநாள் காலை திரௌபதி அண்டாவில் விதைநெல்லை ஊறப்போட்டாள். பள்ளிக்கு நேரமாயிற்று என்று அம்மா விரட்டும்வரை ஓவியா அந்த அண்டாவை விட்டு நகரவே இல்லை.