ஊருக்குப் படிக்காத கடிதம்

“மூணு தட்டு போதும். அவ போற வழியில சாப்பிட்டுக்குவா!”

மாமியார் ஹெப்சிபா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். சோள ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த கெசியாவின் கை அப்படியே நின்றது. முற்றத்தில் குதிரை வண்டி பூட்டி நின்றது. பத்து மைல் தள்ளியிருக்கும் அண்ணன் வீட்டுக்கு அவளை அனுப்பிவிடுவது என்று நேற்றே முடிவாகிவிட்டது.

வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் தொடங்கிய வருஷம் எங்கள் ஒஹாயோ ஊரிலிருந்து அறுபது பிள்ளைகள் ஒரே பட்டாளமாகக் கிளம்பினார்கள். தங்கள் கேப்டன் யார் என்பதையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஹெப்சிபாவின் மூத்த மகன், கெசியாவின் கணவன் லெமுவெல், ஒரு ஓட்டுக் குறையாமல் ஜெயித்தான். ஊரே ஒரு பட்டாளத்தில் இருந்ததால், முகாமிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் சனிக்கிழமை மாவு மில் வாசலில் எல்லோருக்கும் படித்துக் காட்டவேண்டும். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிய கொஞ்சலை மட்டும் மில்காரர் இருமிக்கொண்டே தாண்டிவிடுவார்.

போன இலையுதிர் காலத்தில், ஆற்றங்கரை முகாமில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரைத் தெற்கத்திப் படை பிடித்துக்கொண்டு போனது. “காவல் போடாதது என் தப்பு” என்று லெமுவெல் பதவியை விட்டு இறங்கி, அதே பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்துகொண்டான். அந்த வாரம் கெசியாவுக்கு ஒரு கடிதம் வந்தது. நின்றபடியே படித்தாள். முகம் வெளுத்தது. மடித்துச் சட்டைக்குள் செருகினாள். மில் வாசலுக்கு அதைக் கொண்டு போகவே இல்லை.

அன்றைக்குப் பிடித்தது சனியன். ஊர் வாய்க்கு மூடி ஏது? பிடிபட்டவர்கள் வசந்தத்தில் கைதி மாற்றத்தில் திரும்பிய பிறகும் லெமுவெல் பயந்தாங்கொள்ளி என்ற பேச்சு நிற்கவில்லை.

“கேட்டா ஊமையாயிடுவா!” என்றாள் ஓரகத்தி தீர்சா. “என் புருஷன் ஒரு காலைக் குடுத்துட்டு வந்திருக்கார். இவ புருஷன் பதவியை விட்டுட்டு ஒளிஞ்சிக்கிட்டார். எழுதினதை வெளியில காட்ட வெக்கமா இருக்காதா பின்னே?”

“தீர்சா... என்னை எது வேணும்னாலும் சொல்லு. அவரைச் சொல்லாதே.”

“ஏன் சொல்லக் கூடாது?” ஹெப்சிபா திரும்பினாள். கண்கள் கலங்கியிருந்தன. “சர்ச்சுல என் பக்கத்துல உக்கார ஆளில்லடி! எட்டு மாசமா கெஞ்சறேன், அந்தக் கடிதத்தைப் படின்னு. படிக்க மாட்டேங்கறே. அப்போ போ!”

கெசியா தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். ஆனாலும் கண்ணீர் கேட்கவில்லை.

“என்ன கடிதம்?”

உள்ளறை வாசலில் சின்ன மகன் ஈனோஸ் கட்டைகளை ஊன்றி நின்றான். முகாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. வந்ததிலிருந்து அவன் பேசியதே இல்லை.

“ஒண்ணுமில்ல தம்பி, நீங்க போய்ப் படுங்க,” என்றாள் கெசியா அவசரமாக.

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

“அண்ணன் உங்களுக்கு எழுதிட்டாரா? அண்ணி... உங்களுக்குத் தெரியுமா?”

“தம்பி, வேண்டாம்! உங்க தலைக்கே ஆபத்து!”

“என்னை வேலைக்கு ஆகாதுன்னு அனுப்பிட்டாங்க அண்ணி. இன்னும் சுடணும்னா வந்து சுடட்டும்.” அவன் தாயிடம் திரும்பினான். “அன்னைக்கு விடிகாலையில ஆத்துத் துறையில காவல் இருந்தது நான்தாம்மா. அக்கரையில நிக்கிற எதிரிச் சிப்பாய்க்குக் காப்பி கிடைக்கலை, நமக்குப் புகையிலை கிடைக்கலை. ரெண்டு பக்கமும் மாத்திக்கறது வழக்கம்தான். நான் படகுல போய் அவனோட உக்காந்து ஊர்க்கதை பேசிட்டேன்... அந்த நேரம் பார்த்துக் கீழ்த்துறையில அவங்க படை இறங்கிடுச்சு. காவலை விட்டுப் போனா என்ன தண்டனைன்னு உனக்குத் தெரியும். ‘அங்கே நான் ஆளே போடலை’ன்னு அண்ணன் கர்னல்கிட்ட சொல்லிட்டார். வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்டே சத்தியம் வாங்கிக்கிட்டார்.”

தீர்சா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா... என் புருஷன் உயிரையா காப்பாத்திக்கிட்டிருந்தீங்க? நான் உங்களை என்னவெல்லாம் பேசினேன்!”

ஹெப்சிபா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “என்கிட்டே மட்டுமாவது சொல்லியிருக்கலாமேடி!”

“சொன்னா அவர் பட்ட பாட்டைப் பார்த்து நீங்க சும்மா இருப்பீங்களா அத்தை? மில் வாசல்ல போய்க் கத்தியிருப்பீங்க. சின்னவரைச் சுட்டிருப்பாங்க.” கெசியா மூட்டையைக் கீழே வைத்தாள். “என்னைப் பேசினது எனக்கு வலிக்கலை. பெத்த தாயே அவரை நம்பலையேன்னுதான்... அதுதான் அத்தை தாங்கலை!”

கிழவி நாற்காலியை விட்டு நிமிர்ந்தாள். தலையில் தொப்பியை வைத்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். “இன்னைக்குச் சனிக்கிழமை. எல்லாரும் ஏறுங்க,” என்றாள்.

மில் வாசலில் ஊர் கூடியிருந்தது. ஈனோஸ் கெசியாவிடம் அந்தக் கடிதத்தை வாங்கி அவனே படித்தான். “அவன் சின்னவன், கெசியா. எனக்குப் போனால் பதவி, அவனுக்குப் போனால் உயிர். அம்மாவிடமும் சொல்லாதே” என்ற இடத்தில் அவன் கடிதத்தை நீட்டிவிட்டான். மில்காரர் வாங்கி மீதியைப் படித்தார். ஒரு வரியும் தாண்டவில்லை, இருமவும் இல்லை. பிடிபட்டு மீண்ட பிள்ளைகளில் ஒருவனின் தாய் வந்து, ஈனோஸ் நிற்க முடியாமல் தள்ளாடுவதைப் பார்த்துத் தன் பெஞ்சில் இடம் விட்டாள்.

ஹெப்சிபா முன்னால் வந்தாள்.

“என் மூத்தவனைப் பயந்தாங்கொள்ளின்னு முதல்ல சொன்னது ஊர் இல்ல,” என்றாள் உரக்க. “நான்தான் சொன்னேன். என்கிட்டே கேட்டுத்தான் ஊர் சொல்லிச்சு. இந்தப் பொண்ணு ஒருத்திதான் அவனுக்குத் துணையா நின்னா!”

அத்தனை பேர் முன்னிலையில் அவள் மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எட்டு மாதமாகச் சத்தமில்லாமல் அழுத கெசியா, அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.